தென்னிந்தியக் காசநோய்க் கிருமி வீரியம் குறைந்ததா? அறுபது ஆண்டு விவாதம் குறித்த ஆய்வு

கேள்வி எழுந்த நிலப்பரப்பு

காசநோயை உண்டாக்குவது ஒரு நுண்ணுயிரியே என்று ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்த பிறகு, அந்த நுண்ணுயிரி உலகெங்கும் ஒரே தன்மை கொண்டது என்ற எண்ணமே நெடுங்காலம் மருத்துவ உலகில் நிலவியது. ஒரு நாட்டில் நோய் கடுமையாகவும் மற்றொரு நாட்டில் மெதுவாகவும் நடந்தால், அதற்கான காரணம் நோயாளியின் உடல்நிலையிலோ வறுமையிலோ தேடப்பட்டதே தவிர, கிருமியின் இயல்பில் தேடப்படவில்லை. இந்த எண்ணத்தை முதன்முதலாக ஆட்டம் காணச் செய்த சோதனைச் சான்றுகளில் முக்கியமானவை 1950களின் இறுதியில் சென்னையிலிருந்து கிடைத்தன. தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிருமிகளில் ஒரு பகுதி, பிரிட்டன் நோயாளிகளின் கிருமிகளைக் காட்டிலும் சோதனை விலங்குகளில் குறைந்த சேதத்தையே விளைவித்தது. அப்படியானால் தென்னிந்தியக் காசநோய்க் கிருமி வீரியம் குறைந்ததா, குறைந்தது என்றால் அந்தக் குறைவு மனிதரிடத்தும் பொருந்துமா என்ற இரட்டைக் கேள்வி அன்று எழுந்தது. நுண்ணுயிரியல், தடுப்பூசியியல், மரபணுவியல், மருந்தெதிர்ப்பு ஆய்வு என்று துறை துறையாக அதற்கு விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன.

இந்த விவாதத்துக்கு அடித்தளமாக அமைந்த களங்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இல்லை. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915 இல் இயங்கத் தொடங்கிய காசநோய் மருத்துவமனை முதலாவது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலர் அதன் முதல் தலைவராக இருந்தார். சென்னை சேத்துப்பட்டில் 1956 இல் நிறுவப்பட்டு, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்துள்ள காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இரண்டாவது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் 1968 இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசிக் களஆய்வு மூன்றாவது.

இந்தக் களங்களுக்கு இடைப்பட்ட நிலம் மொழியாலும் உழைப்பாலும் பின்னிக் கிடப்பது. இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள வரதய்யபாளையம், சத்தியவேடு வட்டாரம் தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி பகுதிகளோடு ஒட்டிக் கிடக்கிறது. 1960 ஆம் ஆண்டு எல்லை மாற்றத்துக்கு முன்பு சத்தியவேடு பகுதியின் ஊர்கள் பல செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. எனவே செங்கல்பட்டு ஆய்வின் முடிவுகள் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியவை என்றோ, மதனப்பள்ளியின் அனுபவம் ஆந்திரத்துக்கு மட்டும் உரியது என்றோ பிரித்துவிட இயலாது. ஒரே நோய்ப்பரப்பின் இரு முனைகளாகவே அவற்றைக் கருத வேண்டும்.

கினிப்பன்றி தந்த அளவுகோல்

சென்னை மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் உருவானது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கு நடந்த முதல் பெரிய ஆய்வு, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களையும், வீட்டிலேயே இருந்து ஐசோனியாசிட், பாஸ் ஆகிய மருந்துகளை உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டது. நெருக்கமான குடியிருப்பில் போதிய உணவும் ஓய்வும் இன்றி வாழ்ந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர் என்ற 1959 ஆம் ஆண்டு முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியமைத்தது. சிகிச்சைக்கு முன் நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்துச் சேமிக்கப்பட்ட கிருமிகள், வீரியம் குறித்த ஆய்வுக்கும் மூலப்பொருளாக அமைந்தன.

டெனிஸ் மிட்சிசனும் சென்னை ஆய்வாளர்களும் மேற்கொண்ட அந்த ஆய்வின் முறை எளிமையானது, ஆனால் கண்டிப்பானது. ஒவ்வொரு நோயாளியின் கிருமியும் கினிப்பன்றியின் தொடைத் தசையில் அளவாகச் செலுத்தப்பட்டது. குறிப்பிட்ட வார இடைவெளிகளில் விலங்குகள் கொல்லப்பட்டு, மண்ணீரல், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றில் நோய் எவ்வளவு பரவியுள்ளது என்று மதிப்பெண் இடப்பட்டது. நோய் பரவ எடுத்துக்கொண்ட காலத்தையும் மதிப்பெண்ணையும் சேர்த்து வீரியக் குறியீடு கணக்கிடப்பட்டது. பிரிட்டன் கிருமிகள் பெரும்பாலும் ஒரே சீராக உயர்ந்த வீரியம் காட்டின. தென்னிந்தியக் கிருமிகளோ மிக வலிமையானவை முதல் மிக வலுக்குறைந்தவை வரை பரந்து கிடந்தன. அவற்றின் சராசரி, பிரிட்டன் கிருமிகளின் சராசரியைவிடக் குறைவாக இருந்தது. 1960, 1961 ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவின.

வலுக்குறைவுக்கான காரணத்தை வேதியியல் வழியே தேடிய ஆய்வுகளும் தொடர்ந்தன. உடலுக்குள் நுழையும் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் அதைக் கொல்ல வெளியிடும் பொருள்களுள் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒன்று. வலுக்குறைந்த தென்னிந்தியக் கிருமிகள் பெரும்பாலும் இந்தப் பொருளுக்கு எளிதில் பலியாயின. உயர்வீரியக் கிருமிகளோ அதைத் தாங்கி நின்றன. வேறு சில வேதிப் பண்புகளாலும், கிருமியைத் தாக்கும் வைரசுகளின் வகையாலும் இவற்றைத் தனித்து அடையாளம் காண முடிந்ததால், 'தென்னிந்திய வகை', 'ஆசிய வகை' போன்ற பெயர்கள் அறிவியல் இதழ்களில் இடம்பெறத் தொடங்கின.

இந்த நிலைப்பாட்டின் வலிமை அதன் அளவீட்டில் உள்ளது. பலவீனமும் அங்கேதான் உள்ளது. கினிப்பன்றி காசநோய்க்கு மிக எளிதில் ஆட்படும் விலங்கு. மனிதரிலோ கிருமி தொற்றியவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினர் மட்டுமே வாழ்நாளில் நோயாளி ஆகின்றனர்; மற்றவர்களில் கிருமி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது அல்லது அழிந்துபோகிறது. தசையில் ஊசியால் செலுத்தப்பட்ட கிருமி விலங்கின் உடலெங்கும் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்ற கணக்கிலிருந்து, மூச்சுக்காற்று வழியே நுரையீரலை அடைந்த கிருமி மனிதரில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று நேரடியாக முடிவு கட்ட இயலாது. விலங்குச் சோதனையில் வலுக்குறைந்தவை என்று கருதப்பட்ட அதே கிருமிகள், நுரையீரலில் குழிகள் விழுந்து சளியில் கிருமி வெளியேறிய நோயாளிகளிடமிருந்தே எடுக்கப்பட்டவை என்பதும் மறக்கத்தக்கது அன்று.

மதனப்பள்ளியும் செங்கல்பட்டும்: தடுப்பூசி எழுப்பிய புதிர்

வீரியம் பற்றிய விவாதம் ஆய்வகத்துக்குள் மட்டும் நின்றிருந்தால் நிபுணர்களின் விவாதமாகவே முடிந்திருக்கும். அதைப் பொதுநலப் பிரச்சினையாக மாற்றியது பிசிஜி தடுப்பூசி. 1948 இல் இந்தியாவின் பிசிஜி இயக்கம் முன்னோட்டமாக மதனப்பள்ளியில் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னை கிண்டியில் தடுப்பூசி ஆய்வகம் அமைந்தது. கிறிஸ்டியனின் மகன் யோஹான்னஸ் ஃபிரிமோட் மோலர் மதனப்பள்ளிச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் நடத்திய நீண்டகால ஆய்வில், தடுப்பூசி தொடக்க ஆண்டுகளில் ஓரளவு பாதுகாப்பு தந்ததாகவும், காலம் செல்லச் செல்ல அந்தப் பாதுகாப்பு தேய்ந்ததாகவும் தெரியவந்தது. பிரிட்டனில் பள்ளிப்படிப்பை முடிக்கும் வயதினரிடம் நடந்த ஆய்வில் பாதுகாப்பு 80 விழுக்காட்டை நெருங்கியது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களிலோ அது மிகக் குறைவாக இருந்தது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க, ஐயத்துக்கு இடமில்லாத பெரிய களஆய்வு ஒன்று தேவைப்பட்டது.

அத்தகைய ஆய்வாகத் திட்டமிடப்பட்டதே செங்கல்பட்டு ஆய்வு. பல சிற்றூர்களும் சிறுநகரப் பகுதிகளும் அடங்கிய பரப்பில், 1968 முதல் 1971 வரை இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்க்கப்பட்டனர். வீடு வீடாகப் பெயர் பதிந்து, தோலில் டியூபர்குலின் சோதனை செய்து, எக்ஸ்ரே எடுத்து, குறை தெரிந்தவர்களிடம் சளி பெற்று, டேனிஷ் 1331, பிரெஞ்சு 1173பி2 ஆகிய இரு பிசிஜி வகைகளில் ஒன்றோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது போடப்பட்டது என்பது ஊசி போட்டவருக்கோ நோயை மதிப்பிட்டவருக்கோ தெரியாத வகையில் குறியீடுகள் இடப்பட்டிருந்தன. டியூபர்குலின் சோதனையில் காசநோய்க் கிருமிக்கான சாற்றோடு, மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக்கார நுண்ணுயிரிகளை அறியப் பயன்படும் மற்றொரு சாறும் சேர்க்கப்பட்டது. பின்னாளைய விவாதத்துக்கு இந்த இரண்டாவது சோதனையே திறவுகோல் ஆயிற்று.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979 இல் வெளியானபோது, நுரையீரல் காசநோய்க்கு எதிராகத் தடுப்பூசி எந்தப் பாதுகாப்பும் தரவில்லை என்று தெரிந்தது. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவும் வயதுவந்தோரில் இதையே உறுதி செய்தது. சிறாரில் 27 விழுக்காடு பாதுகாப்பு மதிப்பிடப்பட்டாலும், அது புள்ளியியல் உறுதியைப் பெறவில்லை. இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும்: பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படும் பிசிஜி, மூளைச் சவ்வுக் காசநோயிலிருந்தும் உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் காக்கிறது என்ற முடிவை இந்த ஆய்வு மறுக்கவில்லை. அது மறுத்தது, வயதுவந்தோரின் நுரையீரல் நோயையும் அதனால் நிகழும் பரவலையும் தடுப்பூசி தடுக்கும் என்ற எதிர்பார்ப்பையே.

தோல்விக்குக் கூறப்பட்ட விளக்கங்களில் மூன்று முதன்மையானவை. மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிரிகளோடு சிறு வயதிலேயே ஏற்படும் தொடர்பு, மக்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றலை முன்கூட்டியே தந்துவிடுவதால், தடுப்பூசி புதிதாகக் கூட்டித் தர எதுவும் இல்லாமல் போகிறது என்பது முதலாவது விளக்கம். அமெரிக்கரான கரோல் பாமர் இக்கருத்தை முன்னரே வைத்திருந்தார். செங்கல்பட்டு ஆய்வுப் பரப்பில் பெரும்பாலானோர் வளரிளம் பருவத்துக்குள் இந்த நுண்ணுயிரிகளுக்கு எதிர்வினை காட்டினர் என்பது இதற்கு வலுச் சேர்த்தது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய நாடுகளில் பிசிஜி சிறப்பாகச் செயல்படுவதைப் பின்னர் தொகுக்கப்பட்ட ஆய்வுகளும் சுட்டின. ஆனால் மலாவியின் கரோங்கா பகுதியில் ஒரே மக்களிடையே பிசிஜி தொழுநோயைத் தடுத்தும் காசநோயைத் தடுக்கவில்லை. பொதுவான முன்னெதிர்ப்பே காரணம் என்றால் இரண்டு நோய்களிலும் விளைவு மறைந்திருக்க வேண்டும்.

இரண்டாவது விளக்கம் வீரியம் குறைந்த கிருமியைக் காரணமாக்கியது. இப்பகுதியில் ஆண்டுதோறும் கிருமித்தொற்று அதிகமாக நேர்ந்தபோதிலும், புதிதாகத் தொற்றியவர்களில் விரைவில் நோய் தோன்றுவது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. தொடக்கத்திலேயே தொற்று இருந்தவர்களிடமிருந்தே பெரும்பாலான நோயாளிகள் உருவாயினர். வலுக்குறைந்த கிருமி தொற்றியதும் உடனே நோயை உண்டாக்குவதில்லை, பிற்காலத்தில் மீண்டெழுகிறது; அந்த மீளெழுச்சியைத் தடுக்கும் ஆற்றல் பிசிஜிக்கு இல்லை என்று இவ்விளக்கம் வாதிட்டது. ஆனால் மலாவியில் நிலவும் கிருமி வகைகள் தென்னிந்தியாவிலிருந்து பெரிதும் வேறுபட்டவை. அங்கும் தடுப்பூசி தோற்றதால், கிருமியின் வலுக்குறைவை மட்டும் காரணமாகக் கொள்ள இயலவில்லை.

மூன்றாவது விளக்கம், நோய் மிகுந்த பகுதிகளில் ஒருவர் மீண்டும் மீண்டும் புதிய கிருமித்தொற்றுக்கு ஆளாகிறார் என்றும், முதல் தொற்றை மட்டும் எதிர்கொள்ளும் தடுப்பூசி அடுத்தடுத்த தொற்றுகளின் முன் பயனிழக்கிறது என்றும் கூறியது. இதைச் சோதிக்க வேண்டுமானால், ஒருவரின் பழைய கிருமியையும் புதிய கிருமியையும் வேறுபடுத்திக் காட்டும் கருவி தேவை. அந்தக் கருவி மரபணுவியல் வளர்ந்த பிறகே கிடைத்தது.

மரபணு தந்த புதிய வெளிச்சம்

1990களில் காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியில் ஐஎஸ்6110 என்ற துண்டு எத்தனை இடங்களில் படியெடுத்து அமர்ந்துள்ளது என்று எண்ணி, கிருமிகளை இனங்காணும் முறை பரவியது. பல நாடுகளில் கிருமிக்குப் பத்துக்கு மேற்பட்ட படிகள் காணப்பட, சென்னைக் கிருமிகளில் கணிசமானவற்றில் ஒரே ஒரு படியே இருந்தது; சிலவற்றில் அதுவும் இல்லை. இதனால் உலகத் தரமான முறை தென்னிந்தியாவில் பயன் குறைந்துபோயிற்று. சென்னை ஆய்வாளர்கள் வேறு மரபணுக் குறிகளைச் சேர்த்தே கிருமிகளைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. திருவள்ளூர் வட்டாரத்தில் அவ்வாறு நடந்த ஆய்வு, நோயாளிகளிடம் காணப்பட்ட கிருமிகளில் பெரும்பகுதி ஒன்றோடொன்று பொருந்தாதவை என்று காட்டியது. அண்மைக்காலப் பரவலைவிடப் பழைய தொற்றின் மீளெழுச்சி அங்கு அதிகப் பங்கு வகித்திருக்கலாம் என்பது அதன் பொருள். நோய் மீண்டவர்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வில், எச்ஐவி தொற்று உள்ளவர்களில் பெரும்பாலும் புதிய கிருமியும், இல்லாதவர்களில் பெரும்பாலும் பழைய கிருமியும் காணப்பட்டன. ஆகவே மீள்தொற்று விளக்கமும் எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தவில்லை.

1998 இல் ஸ்டீவர்ட் கோலும் சக ஆய்வாளர்களும் எச்37ஆர்வி என்ற ஆய்வகக் கிருமியின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தனர். ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகளும் சுமார் 4,000 மரபணுக்களும் கொண்டது அது. அதன் பிறகு உலகின் கிருமிகளை ஒப்பிட்டபோது, அவை சில பெரிய மரபுக்கிளைகளாகப் பிரிவது தெரிந்தது. 2006 இல் செபாஸ்டியன் காக்னோவும் சக ஆய்வாளர்களும் ஆறு கிளைகளைக் காட்டினர். பின்னர் மேலும் சில சேர்ந்தன. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் நிலைகொண்ட முதலாம் கிளையே தென்னிந்தியாவில் மிகுதி. வட இந்தியாவில் மூன்றாம் கிளை மேலோங்குகிறது. கிழக்காசியாவில் பரவிய இரண்டாம் கிளையும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் பரவிய நான்காம் கிளையும் உலகளவில் பெரும் பரப்பைப் பிடித்துள்ளன. 1960களில் 'தென்னிந்திய வகை' என்று குறிக்கப்பட்ட கிருமிகளில் பெரும்பாலானவை இன்று முதலாம் கிளையில் அடங்கும் என்றே கருதப்படுகிறது.

முதலாம் கிளைக்கும் பிற கிளைகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உள்ளது. டிபிடி1 என்ற மரபணுத் துண்டு முதலாம் கிளையில் அப்படியே இருக்க, இரண்டு, மூன்று, நான்காம் கிளைகளின் பொது முன்னோர் அதை இழந்துவிட்டது. இழந்த பிறகே அந்தக் கிளைகள் உலகெங்கும் விரைந்து பரவின. 2020 இல் வெளியான ஓர் ஆய்வு, நவீனக் கிளைக் கிருமி ஒன்றில் அந்தத் துண்டை மீண்டும் புகுத்திப் பார்த்தது. அப்போது கிருமி ஆக்சிஜனேற்றத் தாக்குதலையும் ஆக்சிஜன் பற்றாக்குறையையும் தாங்கும் ஆற்றலில் குறைந்து, சோதனை விலங்குகளில் வீரியமும் தளர்ந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடுக்குத் தென்னிந்தியக் கிருமிகள் எளிதில் பலியாயின என்ற பழைய கண்டறிதலோடு இது பொருந்துவது கவனத்துக்குரியது. ஆய்வாளர்கள் வேதிப் பண்பாகப் பதிவு செய்த ஒன்றுக்கு, மரபணு அளவிலான ஒரு காரணம் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிகிறது எனலாம். எனினும் அந்த ஒரு துண்டே முழுக் காரணம் என்று முடிவு செய்வதற்கு இல்லை.

மனிதரிடையே பரவும் வேகத்திலும் இதையொட்டிய குறிப்புகள் உள்ளன. மலாவியிலும் வியட்நாமிலும் நோயாளிகளின் கிருமிகளை முழு மரபணுத் தொகுதி வழியே ஒப்பிட்டபோது, முதலாம் கிளையின் பரவல் சங்கிலிகள் பிற கிளைகளைவிடச் சிறியவையாக இருந்தன. மறுபுறம், இந்தியப் பெருங்கடல் நாடுகளின் முதலாம் கிளைக் கிருமிகளைத் தொகுத்து ஆராய்ந்த 2021 ஆம் ஆண்டு ஆய்வு, அவை தம் பகுதி மக்களின் எதிர்ப்பாற்றலுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டதற்கான அறிகுறிகளைக் காட்டியது. வேகம் குறைந்தது என்பதால் வலுவற்றது என்று ஆகிவிடாது. நீண்ட காலம் உடலில் அடங்கியிருந்து பின்னர் வெளிப்படுவதும் ஒரு கிருமி நிலைத்திருப்பதற்கான வழியே. அத்தகைய கிருமி மெதுவாகப் பரவினாலும், தலைமுறைகளைக் கடந்து ஓர் ஊரில் தங்கிவிடக்கூடும்.

மருந்தெதிர்ப்பு: வலுக்குறைவு பாதுகாப்பாகுமா?

வீரியம் குறைவது நோயாளிக்கு நன்மையே என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருந்தெதிர்ப்புக் கிருமிகள் விஷயத்திலும் நிலவியது. ஐசோனியாசிட் மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் காட்டலேஸ் என்ற நொதியை இழக்கின்றன என்றும், அவை கினிப்பன்றியில் வலுவிழந்து காணப்படுகின்றன என்றும் 1954 இல் கார்ட்னர் மிடில்புரூக் காட்டினார். ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைப்பது இந்த நொதியே. மருந்தை எதிர்க்கும் கிருமி அந்த எதிர்ப்புக்கு விலையாகத் தன் வலுவைக் கொடுத்துவிடுகிறது என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது.

1992 இல் இந்த எதிர்ப்புக்குக் காரணமான கேட்ஜி மரபணு அடையாளம் காணப்பட்ட பின் நிலைமை மாறியது. ஐசோனியாசிட் தானாகச் செயல்படும் மருந்து அன்று. கிருமியின் காட்டலேஸே அதைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுகிறது. மரபணு முழுவதும் அழிந்தால் கிருமி எதிர்ப்பைப் பெறுகிறது, வலுவையும் இழக்கிறது. ஆனால் உலகில் மிகுதியாகக் காணப்படும் மாற்றம் மரபணுவின் 315 ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதாகும். அந்த மாற்றத்தில் மருந்து செயல்படாமல் போகிறது, நொதியின் ஆற்றலோ பெருமளவு தங்கிவிடுகிறது. ஆக, எதிர்ப்பும் வீரியமும் ஒரே கிருமியில் சேர்ந்திருக்க முடியும். ரிஃபாம்பிசின் என்ற மற்றொரு காசநோய் மருந்தை எதிர்க்கும் கிருமிகளிலும், முதல் மாற்றத்தால் நேர்ந்த இழப்பை ஈடுகட்டும் இரண்டாம் நிலை மாற்றங்கள் தோன்றுவது பின்னர் தெரியவந்தது.

மரபுக்கிளைக்கும் மருந்தெதிர்ப்புக்கும் உள்ள உறவு இதன் தொடர்ச்சி. முதலாம் கிளையில் ஐசோனியாசிட் எதிர்ப்பு, இன்ஹெச்ஏ என்ற மற்றொரு மரபணுவின் முன்பகுதி மாற்றத்தால் உண்டாவது பிற கிளைகளைவிட மிகுதி. அது தாழ்ந்த அளவு எதிர்ப்பையும், எத்தியோனமைடு மருந்துக்கும் சேர்ந்த எதிர்ப்பையும் தருகிறது. பன்மருந்து எதிர்ப்பு, அதாவது ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் பயனற்றுப் போவது, இரண்டாம் கிளையோடு அடிக்கடி இணைத்துப் பேசப்படுகிறது. தென்னிந்திய நோயாளிகளின் 223 கிருமிகளை முழுமையாக வாசித்து 2017 இல் வெளியான ஆய்வும் இக்கிளைக்கு எதிர்ப்பில் கூடுதல் பங்கு இருப்பதைக் கண்டது. அதோடு, வேறு நாட்டுக் கிருமிகளை அடிப்படையாக வைத்துச் செய்த விரைவுப் பரிசோதனைகள் இப்பகுதியின் எதிர்ப்பு மாற்றங்களில் சிலவற்றைத் தவறவிடக்கூடும் என்றும் எச்சரித்தது. இத்தகைய தவறு வெறும் கற்பனை அன்று: எஸ்வாட்டினியில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு தரும் ஒரு மாற்றம், விரைவுக் கருவி பார்க்கும் மரபணுப் பகுதிக்கு வெளியே இருந்ததால் கண்டறியப்படாமலே பரவியது.

எண்ணிக்கையும் அலட்சியத்துக்கு இடம் தரவில்லை. 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய மருந்தெதிர்ப்புக் கணக்கெடுப்பில், புதிய நோயாளிகளில் 2.84 விழுக்காட்டினருக்கும், முன்பு சிகிச்சை பெற்றவர்களில் 11.60 விழுக்காட்டினருக்கும் பன்மருந்து எதிர்ப்பு இருந்தது. ஐசோனியாசிட் எதிர்ப்பு மட்டும் புதிய நோயாளிகளிலேயே 11 விழுக்காட்டை எட்டியது. முன்பு சிகிச்சை பெற்றவர்களிடம் எதிர்ப்பு நான்கு மடங்காக உயர்வது, எதிர்ப்பு கிருமியில் மட்டுமன்றிச் சிகிச்சை தடைபடும் சூழலிலும் வளர்கிறது என்பதைச் சொல்கிறது. வரதய்யபாளையம், சத்தியவேடு பகுதியின் ஸ்ரீசிட்டி தொழிற்பூங்காவுக்குத் தமிழகத்திலிருந்தும், எல்லைக்கு அப்பால் தமிழகத்தின் தொழிற்பேட்டைகளுக்கு ஆந்திரத்திலிருந்தும் தினமும் வேலைக்குச் சென்று திரும்பும் மக்களுக்கு, ஒரு மாநிலத்தில் தொடங்கிய மாத்திரை மற்றொரு மாநிலத்தில் தடையின்றித் தொடர்வது மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் நடவடிக்கைகளில் முதலாவதாக அமையும்.

உடலின் பங்கு

கிருமியை முதன்மைப்படுத்தும் நிலைப்பாடுகளுக்கு மாற்றாக, நோயாளியின் உடலை முதன்மைப்படுத்தும் மரபும் நெடியது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில், உடலின் எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் எச்எல்ஏ மரபணுக்களில் டிஆர்2 வகையைக் கொண்ட தென்னிந்தியரிடம் நுரையீரல் காசநோய் கூடுதலாகக் காணப்படுவதைக் காட்டினர். எனினும் மனித மரபணு வகைகளின் தாக்கம் பெரும்பாலும் சிறிதாகவே அளவிடப்படுகிறது. ஒரு மக்கள்கூட்டத்தில் கிடைத்த தொடர்பு மற்றொன்றில் மறைந்துவிடுவதும் உண்டு.

உணவின் பங்குக்கு இதைவிட உறுதியான சான்று உள்ளது. ஜார்க்கண்டில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு உணவுப் பொருள்கள் வழங்கியதால் அவர்களிடையே புதிய காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. இந்த அளவு பாதுகாப்பை வயதுவந்தோரில் எந்தத் தடுப்பூசியும் செங்கல்பட்டில் தரவில்லை. நீரிழிவும் இதில் சேரும்: தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வில் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அடங்கிக் கிடக்கும் முதலாம் கிளைக் கிருமி, உடல் தளரும் வேளையில் மீண்டெழும் என்றால், உணவும் நீரிழிவும் பிற பகுதிகளைவிடத் தென்னிந்தியாவில் கூடுதல் முக்கியத்துவம் பெறலாம். இது இன்னும் சோதிக்கப்பட வேண்டிய கருத்தே.

கிருமி மட்டுமே காரணம் அன்று என்ற இந்த வாதத்தில் சிகிச்சையின் ஆற்றலும் அடங்கும். அதே திருவள்ளூர் வட்டாரத்தில் 1999 இல் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை தொடங்கியபின் நடந்த தொடர் கணக்கெடுப்புகள், சில ஆண்டுகளில் கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் பாதியளவாகக் குறைந்ததைக் காட்டின. கிருமியின் கிளை மாறவில்லை, மக்களின் மரபும் மாறவில்லை, மாறியது சிகிச்சையே. எனினும் அந்தச் சரிவு நிலைத்திருக்கச் செய்வது எளிதன்று.

மதிப்பீடு

அறுபது ஆண்டு ஆய்வுகளை ஒருசேரப் பார்க்கையில் மூன்று முடிவுகளை உறுதியாகக் கூறலாம். தென்னிந்தியாவில் பரவலாக உள்ள முதலாம் கிளைக் கிருமிகளில் ஒரு பகுதி சோதனை விலங்குகளில் குறைந்த வீரியம் காட்டுகிறது. அதற்கு மரபணு அளவில் ஏற்கத்தக்க ஒரு காரணம் இப்போது தெரிகிறது. ஆனால் அந்தக் குறைவு மனிதருக்கு நோயின் கடுமையைக் குறைத்ததற்கோ, மருந்தெதிர்ப்பிலிருந்து காத்ததற்கோ போதிய சான்று இல்லை. கிருமி, உடல், உணவு, சிகிச்சை ஆகிய நான்கில் ஒன்றை மட்டும் கொண்டு செங்கல்பட்டுப் புதிரை விளக்க முயன்ற விளக்கங்கள் எதுவும் தனித்து நிற்கவில்லை.

விடை கிடைக்காதவையும் சில. முதலாம் கிளைக் கிருமி மனிதரில் எவ்வளவு காலம் அடங்கியிருக்கும், அந்த அடக்கத்தை முறிப்பது எது என்பது இன்னும் தெளிவாகவில்லை. மண்ணின் நுண்ணுயிரிகளோடு உள்ள தொடர்பு ஒரு புதிய தடுப்பூசியின் ஆற்றலையும் அதேபோல் மறைத்துவிடுமா என்பதற்கும் விடையில்லை. புதிதாக வந்துள்ள பெடாகுயிலின் போன்ற மருந்துகளுக்கு எதிர்ப்பு இக்கிளையில் எவ்வழியில் தோன்றும் என்பதும் இனிமேல்தான் தெரிய வேண்டும். இவற்றுக்கு வேறு நாட்டின் கிருமிகளை அடிப்படையாக வைத்து விடை காண்பது நம்பகமாக இராது.

எனவே தென்னிந்தியக் கிருமிகளின் மரபணுத் தொகுதியை வாசிப்பதை அவ்வப்போது நடக்கும் ஆய்வாக அன்றிச் சுகாதாரத் திட்டத்தின் வழக்கமான பணியாக ஆக்குவதும், ஆந்திரமும் தமிழ்நாடும் எல்லைப்பகுதி நோயாளிகளின் சிகிச்சைப் பதிவையும் மருந்தெதிர்ப்புத் தகவலையும் ஒன்றாகப் பகிர்வதும், மருந்தோடு உணவையும் சிகிச்சையின் பகுதியாகக் கருதுவதும் இன்று செய்யத்தக்கவை. கிருமி வீரியம் குறைந்தது என்ற பழைய கண்டறிதலை ஆறுதலாக எடுத்துக்கொண்டு இவற்றில் எதையும் தள்ளிப்போடுவதற்கு இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் இடமளிக்கவில்லை.